ஆம்பளை பால்வாடி

நகராட்சிக் கிட்டங்கிக்கும் பழைய நூல் மண்டிக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். காலையில் மில் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் அதன் ஒரு முனையிலிருந்து மல்லிகா அப்பா வருவார். அவருக்குக் கொஞ்சம் முன்னால் மல்லிகா தனியாக நடந்து வருவாள், யாரோ பெற்ற பிள்ளை வழிதவறி வருவதைப் போல. மறுமுனையிலிருந்து அதே மாதிரி பீட்டரும், அவனுக்குப் பின்னால் சம்பந்தமில்லாதவர் போலப் பீட்டர் அப்பாவும். நடுச்சந்தில் நான்கு பேரும் சந்திப்பார்கள். மல்லிகா அப்பா குனிந்து பீட்டரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். பீட்டர் அப்பா மல்லிகாவைத் தூக்கிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி வரும். லாரியும் மாட்டுவண்டியும் நெருக்கும் பஜார் ரோட்டைப் பேசிக்கொண்டே கடந்து, நகராட்சி அலுவலகத்தின் பின்கட்டில் இருந்த எங்கள் பால்வாடியின் ஓட்டுக் கட்டடத்துக்கு வந்து ஆயாவிடம் பிள்ளைகளைக் கொடுப்பார்கள். சாயங்காலம் இதுவே திரும்ப நடக்கும். இவர்கள் இரண்டு பேர் மட்டுமில்லை. அங்கே பிள்ளையை விட்ட தகப்பன்மார் எல்லோரும் ஏதாவது ஒரு சந்தில், ஒரு மரத்தடியில், ஒரு வண்டி மறைவில் பிள்ளையை மாற்றிக்கொண்டுதான் வந்தார்கள்.

இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியவர்கள் பார்க்க ஒருவன் தான் பெற்ற பிள்ளையைத் தூக்க மாட்டான், கொஞ்ச மாட்டான். தகப்பனோ அண்ணனோ தெருவில் மூத்தவரோ எதிரே வந்தால் இடுப்பில் இருக்கும் பிள்ளையைக் கீழே விட்டுவிடுவான். கட்டிய பெண்டாட்டியை நாலு பேர் முன்னால் கொஞ்சினால் எவ்வளவு வெட்கமோ அவ்வளவு வெட்கம் அது. அண்ணன் பிள்ளையைத் தூக்கலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரையே சுற்றலாம். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் அப்பா எம்.ரெட்டியபட்டியில் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிறவர். திருவிழாக்களை எல்லாம் நான் சித்தப்பாவின் தோளில் இருந்துதான் பார்த்தேன். அப்பாவின் தோள் எவ்வளவு உயரம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பு முடித்தவன். நகராட்சியில் தற்காலிக எழுத்தர் வேலை கிடைத்தபோது எழுபதுகள் தொடங்கியிருந்தன. மழை வரிசையாக ஏமாற்றிய வருஷங்கள் அவை. திருச்சுழிப் பக்கம் கண்மாய்களுக்குள் ஆடு மேய்ந்தது. வேலை தேடி டவுனுக்கு வந்த குடும்பங்கள் ஒரு பக்கம், நூல் விலை ஏறித் தறி நின்றுபோன குடும்பங்கள் ஒரு பக்கம். பிரசவத்திலும் காய்ச்சலிலும் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஆண்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். விதவைக்குப் பேருக்காவது ஒரு உதவி காகிதத்தில் இருந்தது. பெண்டாட்டி செத்தவனுக்கு ஊர் வைத்திருந்த ஒரே திட்டம் இன்னொரு கல்யாணம்.

அப்போதிருந்த கமிஷனர் வெளியூர்க்காரர். ரோடு வேலையைப் பார்க்கப் போன இடத்தில், தார் டிரம் நிழலில் ஒரு குழந்தை துணியில் கிடந்து அழுததாம். தாய் எங்கே என்று கேட்டதற்கு, ஜல்லி சுமந்துகொண்டிருந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டாராம். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அவர் இந்தத் திட்டத்தை எழுதினார் என்று எங்கள் ஹெட்கிளார்க் சொல்வார். ‘தாயற்ற குழந்தைகளின் தகப்பனார் நலத் திட்டம்’ என்று அதற்குப் பெயர். பாதிச் செலவு அரசு மானியம், பாதி நகராட்சியின் பொது நிதி. வேலைக்குப் போகிற தகப்பன் பகலில் பிள்ளையை விட்டுப் போகலாம். பாலும் கோதுமை ரவை உப்புமாவும் உண்டு. வேலை இல்லாத தகப்பனுக்கு நகராட்சி வேலையில் முதலிடம். பிள்ளையைக் கொண்டுவந்து தள்ளிவிட்டு ஆள் காணாமல் போய்விடக் கூடாது என்பதற்காகக் கமிஷனர் ஒரு விதியும் போட்டார். தகப்பனேதான் பிள்ளையைத் தூக்கி வர வேண்டும், தகப்பனேதான் தூக்கிப் போக வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட விதி. ஆனால் வெளியூர்க்காரர் போட்ட விதி.

ஊர் வாயில் அந்த நீளப் பெயர் ஒருநாள்கூட நுழையவில்லை. ‘ஆம்பளை பால்வாடி’ என்றார்கள். அதைச் சொல்லும்போதே ஒரு சிரிப்பு. முக்கில் இருந்த டீக்கடைக்காரர் தினமும் ஒரு கேள்வி வைத்திருப்பார்.

“என்ன மாப்ளே, பால் குடிக்கப் போறீகளா, பால் குடுக்கப் போறீகளா?”

“அதுக்குப் பாலு வேணும்ல மாமா? ஒங்க கடையில கம்மாத் தண்ணியத்தான ஆத்திக் குடுக்கிறீக?” என்பார் பீட்டர் அப்பா, இடுப்பில் மல்லிகாவோடு. கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். மல்லிகாவும் என்னவென்று தெரியாமல் சிரிப்பாள். பீட்டர் அப்பா பஞ்சுப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். அவர் உடம்பில் ஒட்டிய பஞ்சு மல்லிகாவின் கவுனில் எப்போதும் ஒட்டியிருக்கும். மல்லிகா அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வியர்க்கும்போது அவர் விரலில் நீலம் கசியும். பீட்டரின் சட்டை முதுகில் நீல விரல் தடம் நிரந்தரமாக இருந்தது. பிள்ளைகளின் உடுப்பைப் பார்த்து, இதைத் தூக்கி வந்தவர் யார் என்று ஆயா சொல்லிவிடுவார். பெற்றவர் யார் என்று சொல்ல முடியாது.

பீட்டர் அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். “நீங்க சர்ச்சுக்குப் போறவுக. ஒங்களுக்குமா இந்தப் பழக்கம்?”

“வேதம் வேறதான் சார். வெக்கம் ஒண்ணுதான?” என்றார். “எங்க அண்ணன் அந்தத் தெருவுலதான் இருக்காக. அவுக பாக்க இவனத் தூக்கிட்டு நடந்தா, எனக்கு வேட்டி அவுந்த மாதிரி இருக்கும்.”

நான் அதிகம் சொல்ல நினைப்பது மல்லிகா அப்பாவைப் பற்றி. மெலிந்த ஆள். பேச்சு குறைவு. மல்லிகாவின் தாய் அவளைப் பெற்ற கொஞ்ச நாளில் இறந்துபோனாள். வீட்டில் அவரும் அவருடைய அப்பாவும் மட்டுந்தான். வீட்டுக்குள் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பம். அந்த அப்பா எங்கள் நகராட்சியில் ஒரு வார்டு மெம்பர். மெம்பர் அய்யா என்றுதான் எல்லோரும் சொல்வோம். நெசவுத் தெருக்களில் இருந்து வந்த மற்ற மெம்பர்கள் அவர் கை தூக்கினால் தூக்குவார்கள், அவர் சும்மா இருந்தால் சும்மா இருப்பார்கள். கூட்டத்தில் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. தோள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மல்லிகா விஷயத்தில் அவருடைய தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். நகராட்சி வராந்தாவில் வைத்தே சொன்னார். “பால்வாடி இருக்க மட்டும் இருக்கட்டும். அத மூடுற அன்னைக்கு அவ தாய்மாமன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். பொம்பளப் பிள்ளைய ரெண்டு ஆம்பள வச்சிக்கிட்டு என்ன செய்ய? இவனுக்கும் ஒரு கல்யாணத்தப் பண்ணணும்ல?” தாய்மாமன் வீடு திருச்சுழிக்கும் அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும்.

மல்லிகா அப்பா தன் அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியவர் இல்லை. என்னிடம் மட்டும் ஒரு சாயங்காலம் சொன்னார். “அவுக சொன்னா சொன்னதுதான் சார். தப்பாவும் சொல்லல. ஆனா அங்க போயிட்டா அவ என்னைய மறந்துருவா. இந்த வயசுல மறக்க எம்புட்டு நேரம் ஆகும்? பொறகு ஒருநா நான் போயி நிப்பேன், யாரு வந்திருக்காகன்னு உள்ள போயிக் கேப்பா.” பீட்டர் அப்பாவுக்கும் இதே கதைதான். அண்ணன் வீட்டில் பிள்ளைகள் கூட்டம். பால்வாடி இல்லையென்றால் பீட்டரை மதுரையில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் விடுவதென்று பேசி வைத்திருந்தார்கள். அந்த ஓட்டுக் கட்டடம் திறந்திருக்கும் வரைக்குந்தான் இந்த இரண்டு பேரும் தகப்பன்மார்.

கமிஷனர் மாற்றலாகிப் போனார். அடுத்து வருபவர் வரும்வரை என்ஜினியர் பொறுப்பு. அந்தச் சமயத்தில்தான் மானியத்தைத் தணிக்கை செய்ய ஓர் அதிகாரி வந்தார். மெட்ராஸ் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆயா கொடுத்த உப்புமாவை வாங்கிச் சாப்பிட்டார், நன்றாயிருக்கிறது என்றார், பிள்ளைகளின் தலையைத் தடவினார். பிறகு, தகப்பன்மாரை நேரில் பார்க்க வேண்டும் என்று சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் மல்லிகா அப்பா பீட்டரோடு வெளியே வந்தார்.

“இது உங்க குழந்தையா?”

“இல்லீங்க.”

“பின்னே யாருடையது?”

“பின்னால வாராரே, அவரு பிள்ளைங்க.”

பின்னால் பீட்டர் அப்பா மல்லிகாவோடு வந்தார். “இது உங்க குழந்தையா?”

“இல்லீங்கய்யா. முன்னால போனாரே, அவரு பிள்ள.”

மூன்றாவது ஆளும் இல்லை என்றார். நான்காவது ஆளும் இல்லை என்றார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் பெரிய சங்கடம். வரிசையாகத் தகப்பன்மார் வெளியே வந்து, கையில் இருப்பது தன் பிள்ளை இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதிகாரி பீட்டரின் முதுகில் இருந்த நீலத் தடத்தைப் பார்த்தார். பீட்டர் அப்பாவின் கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். அதில் நீலம் இல்லை. தன் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று அவர் முகம் சொன்னது.

நான் குறுக்கே போனேன். படித்தவன் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பிய வயசு. “சார், அவுக பிள்ளைய அவுக தூக்க மாட்டாக. பெரியவுக முன்னால தூக்குறது பழக்கம் இல்ல.”

“இங்கே பெரியவர் யார் இருக்கார்?”

“நீங்கதான் சார்.”

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து ஜீப்பில் ஏறிப் போனார். பயனாளிகள் உண்மையான தகப்பன்மார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை, அதனால் மானியம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. பதில் எழுத வேண்டும் என்று நான் என்ஜினியர் முன்னால் போய் நின்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “இத எப்படிய்யா எழுதுறது? வெக்கத்தின் காரணமாகன்னு எழுதுனா மானியம் வருமா?” எனக்கும் அதற்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் எதற்கெல்லாமோ சொல் இருந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த இந்த ஒன்றை அரசாங்கத்துக்குச் சொல்ல ஒரு சொல் இல்லை.

இனி ஒரு வழிதான் இருந்தது. முழுச் செலவையும் நகராட்சியே பொது நிதியில் ஏற்க வேண்டும். அதற்குக் கவுன்சில் தீர்மானம் வேண்டும். கோடையில் கூட்டம் வைத்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் விவகாரமும் இருந்ததால் தெருப் பெரியவர்கள் பலர் வந்து பார்வையாளர் பெஞ்சுகளை நிரப்பியிருந்தார்கள். பாளையம்பட்டிப் பக்கத்து மெம்பர் ஒருவர் எழுந்து கேட்டார். “தெருக் குழாயத் தொறந்தா காத்துத்தான் வருது. லாரித் தண்ணிக்குப் பொம்பளைக அடிச்சுக்கிறாக. இதுல ஆம்பளைக்குப் பால்வாடி கேக்குதா?” அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர் வார்டில் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். குடங்கள் ராத்திரியிலிருந்தே வரிசையில் கிடக்கும். இரண்டு நியாயங்களுக்கு நடுவில் ஒரே ஒரு பணப்பை இருந்தது, அதுவும் அநேகமாகக் காலி.

சேர்மன் நல்ல மனுஷர். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். “தகப்பன்மார வரச் சொல்லுங்கப்பா” என்றார். “அவனவன் பிள்ளைய அவனவன் தூக்கிட்டு இந்தச் சபையில நின்னாப் போதும். நாங்கல்லாம் ஊர்க்காரவுகதான, யாரு பிள்ள யாருதுன்னு தெரியாதா? அப்படியே தீர்மானத்துல எழுதி ஆடிட்டுக்கு அனுப்பிருவோம்.”

வராந்தாவில் பிள்ளைகளோடு காத்திருந்த தகப்பன்மாரிடம் நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “உள்ள எங்க அண்ணன் இருக்காக சார்” என்றார் பீட்டர் அப்பா. “என் சின்னய்யா இருக்காக” என்றார் இன்னொருவர்.  தனக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று மல்லிகா அப்பா சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே போனார்கள். நான் கதவோரம் நின்றேன். பயத்தில் அவர்கள் யோசிக்கவில்லை. பழக்கம் கையில் இருந்தது. ஒவ்வொருவர் இடுப்பிலும் அடுத்தவர் பிள்ளை.

 ஒரு மெம்பர், “என்ன சேர்மன், சீட்டக் கலச்சுப் போட்ட மாதிரில்ல நிக்காக!” என்றார். சபை சிரித்தது. பெஞ்சில் இருந்த பெரியவர்களும் சிரித்தார்கள். சேர்மன் நெற்றியில் கை வைத்தார். “ஏப்பா, படிச்சுப் படிச்சுச் சொன்னனே” என்றார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் மல்லிகா அப்பா பீட்டரைக் கீழே இறக்கி விட்டார். பீட்டர் அப்பாவின் பக்கம் போனார். அவர் கையிலிருந்து மல்லிகாவை வாங்கினார். அவ்வளவு பேர் முன்னால், தன் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே, மகளைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது.  அவருடைய காது, கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. கண் தரையில் இருந்தது. மல்லிகா மட்டும் தன் அப்பாவின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் புதிதாகப் பார்ப்பவள் போல, மீசையைத் தொட்டுப் பார்த்தாள்.

மெம்பர் அய்யா எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார். மகனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ இரண்டு மூன்று சொல் சொன்னார். பிறகு சபையை விட்டு வெளியே போய்விட்டார்.

அந்த வருஷங்களில் சட்டசபையிலிருந்து பஞ்சாயத்து வரைக்கும் எல்லோருக்கும் பிடித்திருந்த ஒரு சொல் இருந்தது. “பெரியவரே வெளிநடப்பு செஞ்சிட்டாரு!” என்று யாரோ கத்தினார்கள். பெற்ற மகனையே அவர் எதிர்த்துவிட்டார், இனி என்ன பேச்சு என்றார்கள். நெசவுத் தெரு மெம்பர்கள் அவர் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது அவர்கள் ஒருவரும் தூக்கவில்லை. தீர்மானம் தோற்றது. சேர்மன் அடுத்த பொருள் என்று தண்ணீர் லாரிக்குப் போனார்.

நான் வராந்தாவில் மல்லிகா அப்பாவைப் பிடித்தேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவர்தான் எனக்குச் சொன்னார், சுவரில் சாய்ந்துகொண்டு, மகளை இன்னும் இறக்காமல். “எங்கய்யா கோவிச்சுப் போகல சார். வீட்டுக்குள்ள வரும்போது வாசல்ல நின்னு ஒரு செருமு செருமுவாக. நான் பிள்ளைய எறக்கி விட்டுருவேன். என்னைய எறக்க வைக்கிறதுக்கில்ல அது. நான் கூச்சப்படக் கூடாதுன்னுதான் செருமுறாக. சபையில செருமுறதுக்கு வாசல் ஏது? அதான் எந்திரிச்சு வெளிய போயிட்டாக.”

“என்னமோ சொன்னாகளே?”

“‘காலச் சேத்துப் புடி, நழுவுறா’ன்னாக.” சிரிக்கப் பார்த்தார். “நெசந்தான். எனக்கு இவளத் தூக்கிப் பழக்கமில்ல. பீட்டரு கனத்துக்குக் கை பழகிப்போச்சு.”

நான் திரும்ப ஓடினேன். ஹெட்கிளார்க் அப்போதுதான் நடவடிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். ‘வெளிநடப்பு’ என்ற சொல்லை மாற்றச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “சபைய விட்டு வெளிய நடந்தா வெளிநடப்புதான் தம்பி. செருமுறதுக்குப் பதிலா எந்திரிச்சுப் போனாருன்னு எழுதவா?” ஓட்டெடுப்பு ஏற்கெனவே முடிந்தாயிற்று. எந்தச் சொல்லை எழுதினாலும் தூக்காத கைகள் இனி எழாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பால்வாடியை மூடிய பிறகு மல்லிகாவின் தட்டையும் டம்ளரையும் கொடுத்துவிட்டு வர அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய்மாமன் வந்திருந்தார். மூலையில் ஒரு துணிப்பை, வாய் கட்டித் தயாராக. மல்லிகாவுக்கு எண்ணெய் தேய்த்து இழுத்துத் தலை வாரியிருந்தது. மல்லிகா அப்பா நிலைப்படியில் உட்கார்ந்து நீலம் படிந்த நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

காப்பியைக் குடித்து முடித்துத் தாய்மாமன் எழுந்தார். “அப்ப வாரேன் மாமா. மத்தியான பஸ்ஸப் புடிச்சாத்தான் வெளிச்சத்தோட போயிச் சேரலாம்.”

மெம்பர் அய்யா அசையவில்லை. “பிள்ள வரல” என்றார்.

“மாமா, நீங்கதான சொல்லி விட்டீக?”

“சொன்னேன். அது முந்தி. நாலு தெருப் பெரியவுகளும் பாக்க, சபையில தூக்குன பிள்ள இது. இனி எவன் கையில தூக்கிக் குடுக்கச் சொல்ற?”

“சரி, பகல்ல யாரு பாப்பாக? மச்சான் பட்டறைக்குப் போகணும்ல?”

“நான் என்ன செத்தா போயிட்டேன்? தாத்தன் பேத்தியத் தூக்குறதுக்கு எந்தப் பெரியவன்ட்டக் கேக்கணும்?”

நிலைப்படியில் இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. தோள் மட்டும் ஒரு முறை குலுங்கியது.  தாய்மாமன் பையின் கட்டைத் தானே அவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வாசல் வரை வந்த மெம்பர் அய்யாவிடம் கேட்டுவிட்டேன். “அன்னைக்குத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போடுறதா இருந்தீக அய்யா?”

“போடத்தான் வந்தேன்” என்றார். மல்லிகா அவர் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். “கை தூக்குறதுக்குள்ள அவன் பிள்ளையத் தூக்கிட்டானே.”

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. நான் அதே நகராட்சியில், இப்போது நிரந்தர எழுத்தர். ஓட்டுக் கட்டடத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் வரவுசெலவு தயாரிக்கும்போது, நலிந்தோருக்கு என்னென்ன திட்டம் தேவை என்று மேலிடத்திலிருந்து கேட்பார்கள். நானும் தகப்பன்மாருக்கு ஒன்று என்று எழுதி அனுப்புவேன். விதியை இப்போது மாற்றி எழுதுகிறேன், பிள்ளையை யார் தூக்கி வந்தாலும் சரி என்று. நிதி நிலைமை இடம் தரவில்லை என்று பதில் வரும். பதில் எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருடைய ஊரிலும் குழாயில் காற்றுத்தான் வரும். மல்லிகா பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். மற்றப் பிள்ளைகள் சித்தி வீடு, அத்தை வீடு, தூத்துக்குடி, ஏதேதோ ஊர் என்று போய்விட்டார்கள். ஒரு சிலரைப் பற்றி இப்போது கேட்டாலும் சொல்ல ஆளில்லை.

பீட்டரை மதுரைக்குக் கொண்டுபோன காலையில் நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். ரெட்டியபட்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பஜார் ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து பீட்டர் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, மகனைத் தானே தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, நடுரோட்டில் நடந்து வந்தார். பின்னாலேயே அவர் அண்ணன் ஒரு தகரப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு அவரிடம் கேள்வி எதுவும் இல்லை. புதுச் சட்டை போட்ட பையன் தூங்கிப்போயிருந்தான்.

பஸ்ஸுக்குள் இடம் காலியாக இருந்தது. கண்டக்டர் ஏறி உட்காரச் சொன்னார். பீட்டர் அப்பா ஏறவில்லை. அண்ணன் பக்கத்தில் நிற்க, மகனை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கீழேயே நின்றார்.

“உக்காருங்க, வழியெல்லாம் மடியில வச்சிக்கிடலாம்ல” என்றேன்.

“பஸ்ஸ எடுக்கிறப்ப ஏறிக்கிறேன் சார்” என்றார். “இம்புட்டு நேரம் இவன நான் தூக்குனதே இல்ல.”